சுடப்படும் ஓணானும் காக்கப்படும் ஓணானும்

ஓணானையும் அதன் உறவினங்களையும் காற்றுத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்வது உலகின் சில இடங்களில் சட்டம் அனுமதித்த வேலை. சில தீவுகளில் அரசே தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அதைச் செய்வித்திருக்கிறது. இலங்கையின் மலையகத்திலுள்ள லிந்துலையிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் அதே காரியம் ஈடு செய்ய முடியாத இழப்பாகிவிடும். ஒரு விலங்கு எந்த மண்ணில் தோன்றியது, எந்த மண்ணில் கொண்டுவந்து விடப்பட்டது என்பதுதான் இவ்விரு நிலைகளையும் பிரிக்கிறது. ஓணானைக் கண்டதும் கல்லெடுக்கும் பழக்கம் இன்னும் மறையாத மலையகத்தில் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம்.

அந்நிய உயிர்களும் ஆக்கிரமிப்பு உயிர்களும்

வெளியிலிருந்து வந்த உயிரினம் எல்லாமே கேடு விளைவிப்பதில்லை. மலையகத்தின் வாழ்வாதாரமான தேயிலையே அந்நியச் செடிதான். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் அதை வணிகப் பயிராக நட்டார். கரட், உருளைக்கிழங்கு, யூக்கலிப்டஸ் ஆகியனவும், மலை ஓடைகளில் வெள்ளையர் கொண்டுவந்து விட்ட ட்ரௌட் மீனும் கடல் கடந்து வந்தவையே. பயன் கருதிப் பூச்சியைக்கூட இறக்குமதி செய்ததுண்டு. தேயிலை இலைகளைச் சுருட்டித் தின்னும் புழுவை ஒடுக்குவதற்காக, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியை வருவித்தது. அந்தக் குளவி புழுவின் உடலில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குடம்பிகள் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். தேயிலைப் பூச்சிக் கட்டுப்பாட்டில் இது பெரும் வெற்றியாக அமைந்தது.

வந்த இடத்தில் தானாகவே பெருகி, மனிதர் தடுத்தும் நில்லாமல் பரவி, அங்குள்ள உயிர்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும் உயிரினமே ஆக்கிரமிப்பு இனம். ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூவும் கூரிய முள்ளுமாகப் பரவி நிற்கும் கோர்ஸ் செடி இதற்கு அருகிலுள்ள சான்று. ஐரோப்பாவிலிருந்து வந்த இச்செடி இன்று புல்வெளியை விழுங்கி வருகிறது.

விலங்குகளைப் பொறுத்தவரை ஆக்கிரமிப்பு பெரும்பாலும் வளர்ப்புப் பிராணி வணிகத்தில் தொடங்குகிறது. கைக்கு அடக்கமான குட்டியாக வாங்கப்படும் பிராணி வளர்ந்து பெருத்ததும் வீட்டில் வைத்திருக்க முடியாமல் வெளியே விடப்படுகிறது. வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்ட கதை என்று தமிழில் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும்.

பச்சை இகுவானாவின் படையெடுப்பு

காற்றுத் துப்பாக்கி வேட்டைக்கு அதிகம் இலக்காகும் ஊர்வனவற்றில் ஒன்று பச்சை இகுவானா. மத்திய அமெரிக்காவும் தென்னமெரிக்காவும் இதன் தாயகம். வாலோடு சேர்த்து ஒன்றரை மீற்றருக்கு மேலும் வளரக்கூடிய இந்த இலையுண்ணி, ஒரே தடவையில் பல பத்து முட்டைகளை இடும். வெப்பமான கடலோர நகரங்களில் இதை அடக்கிவைக்கும் பகை விலங்குகள் குறைவு.

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1960களிலேயே இது காணப்பட்டது. தோட்டப் பூக்களையும் காய்கறிகளையும் தின்பதைவிட, இது தோண்டும் வளைகளே பெரிய தொல்லை. கால்வாய்க் கரைகளும் கடற்சுவர்களும் உள்ளே குடையப்பட்டு இடிகின்றன. வெஸ்ட் பாம் பீச் நகரில் இகுவானா வளைகளால் பழுதான ஓர் அணைக்கட்டைச் சீரமைக்க 18 இலட்சம் டொலர் செலவானது. அங்கே நில உரிமையாளரின் அனுமதியோடு, வதைக்காமல் கொல்லும் முறையில், ஆண்டு முழுவதும் இகுவானாக்களை அகற்றலாம். 2021இல் அந்த மாநிலம் பச்சை இகுவானாவையும் தேகு என்ற இன்னொரு பெரிய ஊர்வனவையும் தடை செய்யப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்து, வளர்ப்பதற்கும் விற்பதற்கும் கடுமையான கட்டுப்பாடு விதித்தது.

கரீபியன் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவின் அனுபவம் இன்னும் கற்கத்தக்கது. 2018 ஒக்டோபர் இறுதியில் அத்தீவின் அரசு பச்சை இகுவானா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பதிவு செய்துகொண்ட வேட்டையாளர்கள் காற்றுத் துப்பாக்கியோடும் சுருக்குக் கம்போடும் இறங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இகுவானாக்கள் அகற்றப்பட்டன. அதே தீவில், உலகில் வேறெங்கும் இல்லாத நீல இகுவானாவும் வாழ்கிறது. 2000களின் தொடக்கத்தில் காட்டில் 25க்கும் குறைவாகத் தேய்ந்திருந்த அந்த இனத்தை, வளர்ப்பு நிலையத்தில் பெருக்கிக் காட்டுக்குத் திருப்பி அனுப்பி மீட்டார்கள். ஒரே தீவில் ஓர் இகுவானா கொல்லப்பட வேண்டியது, மற்றது உயிரைக் கொடுத்தாவது காக்கப்பட வேண்டியது. இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் கையில் துப்பாக்கி இருப்பது ஆபத்து.

காற்றுத் துப்பாக்கி ஏன்?

வெடிமருந்துத் துப்பாக்கியைக் குடியிருப்புகளுக்கு நடுவே பயன்படுத்த முடியாது. அதன் குண்டு வெகுதூரம் பாயும்; சத்தமும் பெரிது. காற்றுத் துப்பாக்கி, சுருள்வில்லால் அழுத்தப்பட்ட காற்றையோ முன்கூட்டியே உருளையில் நிரப்பிய காற்றையோ விடுவித்து ஒரு சிறு உலோகக் குண்டைத் தள்ளுகிறது. 4.5 மில்லிமீற்றர், 5.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள குண்டுகளே வழக்கில் அதிகம். பாயும் தூரம் குறைவு, ஓசை குறைவு, செலவும் குறைவு. கால்வாய்க் கரையிலும் வீட்டு முற்றத்திலும் நிற்கும் இகுவானாவுக்கு இந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு இவையே காரணங்கள்.

ஆயினும் இதை விளையாட்டுப் பொருளாக நினைப்பது பெரும் தவறு. மனிதரின் கண்ணைப் பறிக்கவும், நெருங்கிய தூரத்தில் உயிரையே வாங்கவும் இதற்கு வலுவுண்டு. ஊர்வனவற்றின் உயிர் எளிதில் பிரியாது என்பது இன்னொரு சிக்கல். உடலில் குண்டு பட்ட ஓர் இகுவானா புதருக்குள் ஓடி, நாட்கணக்கில் துடித்துச் சாகும். மூளையைச் சரியாகத் தாக்கினால் மட்டுமே அது வதையில்லாத சாவு. அதனால் பொறுப்புள்ள வேட்டையாளர் முதலில் வெறுமனே பார்க்கிறார். இது எந்த இனம், பின்னணியில் மண் திட்டு இருக்கிறதா, ஆட்கள் நடமாடுகிறார்களா, குறி தவறினால் குண்டு எங்கே போய் விழும் என்பதையெல்லாம் உறுதி செய்துகொண்ட பிறகே விசையைத் தொடுகிறார். ஈயக் குண்டோடு கிடக்கும் உடலைக் கழுகும் பருந்தும் தின்றால் அவற்றுக்கும் நஞ்சேறும் என்பதால், கொன்றதை அப்புறப்படுத்துவதும் அவருடைய கடமை.

இத்தனைக்குப் பிறகும், துப்பாக்கியால் மட்டும் ஆக்கிரமிப்பு தீர்வதில்லை. முட்டையிடும் இடங்களைக் கண்டழிப்பது, விற்பனையைத் தடுப்பது, வளர்ப்பவர் வெளியே விடாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை சேர்ந்தால்தான் பலன் தங்கும். வேட்டை நின்றால் மிஞ்சிய சிலவே மீண்டும் பெருகிவிடும்.

நம்மூர் ஓணானும் அயலூரில் ஆக்கிரமிப்பாளர்

வேலியிலும் மதிலிலும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் சாதாரண ஓணான் தெற்காசியாவின் சொந்தப் பிள்ளை. இதே இனம் சிங்கப்பூருக்குச் சென்று 1980களில் பரவத் தொடங்கியது. பூங்காக்களிலும் தெருவோர மரங்களிலும் அதுவரை வாழ்ந்துவந்த பச்சை நிற உள்ளூர் ஓணான், இதற்கு ஈடுகொடுக்க முடியாமல் காட்டுப் பகுதிகளுக்கு ஒதுங்கியது. தமிழ்த் தொழிலாளர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளிலும் இந்த ஓணான் அந்நியனாகக் குடியேறியிருக்கிறது. ஆகவே கெட்ட ஓணான், நல்ல ஓணான் என்று பிறவியில் எதுவுமில்லை. மனிதர் தூக்கிச் சென்று விட்ட இடத்தில்தான் கேடு தொடங்குகிறது.

லிந்துலை மலைகளின் ஓணான்கள்

தலவாக்கலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே அமைந்த தேயிலை நாடு லிந்துலை. அங்கிருந்து அக்கரப்பத்தனை, டயகம வழியாக மேலே ஏறினால் ஹோர்ட்டன் சமவெளியின் காட்டு விளிம்பு வரும். 1988இல் தேசிய பூங்காவான அந்தச் சமவெளி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இலங்கையில் ஓணான் குடும்பத்தைச் சேர்ந்த இனங்கள் இருபதுக்கு மேல் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மூன்று இனங்கள் இந்த உயர்மலைக்கே உரியவை.

முதலாவது கொம்பு ஓணான். பாசி படிந்த மரத்தண்டில் பாசியின் நிறத்தோடு நிறமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆணின் மூக்கு நுனியில் வெண்மையான கூரிய கொம்பு ஒன்று முன்னோக்கி நீண்டிருக்கும். பெண்ணுக்கு அது மிகச் சிறியது, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. இது ஓடி ஒளியும் பிராணியல்ல. ஆள் நெருங்கினால் அசையாமல் இருக்கும். மேலும் நெருங்கினால் வாயை அகலத் திறக்கும். உள்வாயின் செம்மஞ்சள் நிறம் பளீரென்று தெரியும். கடிப்பதைவிட மிரட்டுவதே அதன் நோக்கம். சில நொடிகள் கழித்து வாயை மூடிக்கொண்டு மீண்டும் மரத்தோடு மரமாகிவிடும். முட்டையிடும் காலத்தில் பெண் தரைக்கு இறங்கி, ஈர மண்ணில் குழி பறித்துச் சில முட்டைகளை மட்டும் இட்டு மூடிவிட்டுப் போகிறது. இதன் பேரினத்தில் உள்ள எல்லா ஓணான்களும் இலங்கைக்கே உரியவை.

இரண்டாவது, விரல் நீளத்தை அதிகம் தாண்டாத குட்டை ஓணான். மெல்லிய கிளைகளில் மிக நிதானமாக நகரும் இது, வாலைக் கிளையில் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். வெளிக்காதுத் துளை கிடையாது. பெரும்பாலான ஓணான்கள் முட்டையிட, இது குட்டி போடுகிறது. பனியும் குளிரும் மிகுந்த மலையில் மண்ணுக்குள் முட்டை விறைத்துப்போகலாம். தாயின் வயிற்றில் இருக்கும் குட்டியைத் தாய் வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சூடேற்றலாம். குளிர் நாடுகளில் வாழும் பல ஊர்வன குட்டி போடுவதற்கு விஞ்ஞானிகள் கூறும் காரணம் இதுவே.

மூன்றாவது, கன்னம் கறுத்த பச்சை ஓணான். உடல் நல்ல பச்சை. ஆணின் உதட்டோரமும் கன்னமும் கருமை. வெயில் ஏறியதும் புதர்களின் உச்சிக்கு வந்து குளிர்காயும். ஹோர்ட்டன் சமவெளியில் கோர்ஸ் செடியின் முட்களுக்கிடையிலும் இதைக் காணலாம். ஆக்கிரமிப்புச் செடியாக இருந்தாலும், அதன் முள் இந்த ஓணானுக்குக் காகத்திடமிருந்து காப்பளிக்கிறது. செடியை அகற்றும் வேலையைக்கூட உள்ளூர்ப் புதர்களை வளர்த்துக்கொண்டே படிப்படியாகச் செய்ய வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

தோட்டங்களில் இவற்றுக்கு எல்லா இடமும் ஒத்துவராது. கவ்வாத்து வெட்டிய மலையில் ஒதுங்க நிழலில்லை. ஓடைக்கரைப் புதர், லயத்துக்குப் பின்னாலுள்ள பற்றை, தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள எல்லை மரங்கள், கான் ஓரத்து மண் ஆகியவையே இவை தங்கிப் பிழைக்கும் இடங்கள். எறும்பும் வண்டும் புழுவும் இவற்றின் இரை. கீச்சான், பருந்து, சாரைப்பாம்பு ஆகியவற்றுக்கு இவை இரை. பூச்சிக்கும் பறவைக்கும் நடுவில் நிற்கும் இந்தக் கண்ணி அறுந்தால் இரு பக்கமும் பாதிக்கப்படும்.

இவற்றின் பகைகள்

காடு துண்டுபடுவது முதல் கேடு. தேயிலை, காய்கறித் தோட்டம், வீதி என்று இடையிட்டுப் போனதால், ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக நகரும் ஓணானால் கடந்துபோக முடிவதில்லை. அடுத்தது குப்பை. சுற்றுலாப் பயணிகளும் கடைக்காரர்களும் வீசும் உணவு மிச்சத்தால் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் காகங்கள் பெருகின. காகம் உள்நாட்டுப் பறவைதான். ஆனால் செயற்கையாகப் பெருகிய காகக் கூட்டம் ஓணான்களைக் கொத்தித் தின்கிறது. லயங்களில் கட்டின்றித் திரியும் பூனைகளும் அதே வேலையைச் செய்கின்றன.

வெப்பம் ஏறுவது நீண்டகாலக் கவலை. குளிருக்குப் பழகிய உயிர் இன்னும் மேலே ஏற முயலும். மலையுச்சிக்கு மேல் ஏற இடமில்லை. கீழ்நாட்டு ஓணான்கள் மேலே வந்தால் போட்டியும் கூடும்.

கள்ளக் கடத்தல் இன்னொன்று. கொம்பு ஓணானையும் குட்டை ஓணானையும் வெளிநாட்டு வளர்ப்புப் பிராணிச் சந்தையில் பெரும் விலைக்கு விற்கிறார்கள். இலங்கை விடுத்த வேண்டுகோளின்படி, 2019இல் ஜெனீவாவில் கூடிய அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை நாடுகள் இத்தீவின் பல ஓணான் இனங்களைப் பாதுகாப்புப் பட்டியல்களில் சேர்த்தன. மலையின் இந்த மூன்று இனங்களும் அவற்றில் அடங்கும்.

கடைசியாகக் கல்லும் கெட்டபோலும். இராமர் தாகத்தோடு வந்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் சிறுநீரைக் கொடுத்தது என்ற கதையைக் கேட்டு வளர்ந்த சிறுவர்கள் ஓணானை அடிப்பதைப் புண்ணியமாகவே கருதினார்கள். ஓணான் உற்றுப் பார்த்தால் இரத்தம் உறிஞ்சிவிடும் என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சத்தை எழுப்புவது இனப்பெருக்கக் காலத்தில் சிவக்கும் ஆணின் கழுத்து; அது சிவப்பது பெண்ணை அழைக்கவும் போட்டி ஆணை விரட்டவும்தான். ஓணானுக்கு விஷமுமில்லை, அது இரத்தம் குடிப்பதுமில்லை.

சட்டம் சொல்வது

இலங்கையின் வனவிலங்குகளையும் தாவரங்களையும் காப்பதற்கான கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. பலமுறை திருத்தப்பட்ட அச்சட்டத்தின் கீழ், பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொல்வதும் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் தண்டனைக்குரியவை. துப்பாக்கி வைத்திருப்பதைத் தனிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

பயிரழிக்கும் குரங்கையும் காட்டுப்பன்றியையும் சமாளிக்க முடியாமல் மலையக விவசாயிகள் படும் பாடு உண்மையானது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை, நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மயில், மர அணில் முதலியவற்றைக் கணக்கெடுக்கும் அளவுக்கு அது தேசியப் பிரச்சினையாகிவிட்டது. பயிர்க்காவல் வேறு, கண்டதையெல்லாம் கொல்வது வேறு. குறி வைத்த விலங்கைத் தவிர வேறெதையும் தொடாத முறையே முறையானது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மிக அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கி, சில நாட்களில் சிகிச்சை பலனின்றி இறந்தது. கண்ணில்லாத பொறி எதைக் கொல்லும் என்பதற்கு அந்தச் சாவே சான்று.

பார்க்கும் முறை

லிந்துலையில் ஓணான்களைப் பார்க்கத் துப்பாக்கிக்காரரின் பொறுமை வேண்டும்; துப்பாக்கி வேண்டாம். பனி விலகி வெயில் விழும் காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை நல்ல நேரம். குளிரில் விறைத்திருந்தவை அப்போதுதான் கிளை நுனிக்கும் மதில் மேலும் வந்து உடலைச் சூடேற்றும். மழையிலும் கடும் மூடுபனியிலும் தேடிப் பயனில்லை. மங்கிய நிற உடையணிந்து, நிழல் அதன் மேல் விழாதபடி பக்கவாட்டில் மெதுவாக நெருங்க வேண்டும். இரண்டு மூன்று மீற்றர் தூரத்தில் நின்றுவிட வேண்டும். ஓணான் தலையை உயர்த்தினாலோ வாயைத் திறந்தாலோ, அதுவே எல்லை. கையில் பிடிப்பதும், படத்துக்காகக் கிளையை ஒடிப்பதும், புரட்டிய கல்லை அப்படியே விட்டுவிடுவதும் கூடாது. கல்லடியில் முட்டை இருக்கலாம்.

ஒரு கொப்பியில் திகதி, நேரம், வெயில் நிலை, இருந்த செடி, உயரம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதி வைத்தால் அது மதிப்புள்ள பதிவு. ஆண்டுக்காண்டு ஒரே ஓடைக்கரையில் எழுதப்பட்ட குறிப்புகள், எந்த இனம் குறைகிறது, எது மேலே ஏறி வருகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். தோட்டப் பாடசாலை மாணவர்களால் இதை எளிதாகச் செய்ய முடியும். படங்களை இணையத்தில் இடுவோர் அரிய இனங்களின் சரியான இடத்தை வெளியிடக் கூடாது. கடத்தல்காரர்களுக்கு அதுவே வழிகாட்டி. ஓணான் தேடிப் போகிறவருக்கு மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியும் இலங்கைக்கே உரிய வெள்ளைக்கண்ணிக் குருவியும் அடர்ந்த மயிர் கொண்ட மலைக் குரங்கும் கூடவே காணக் கிடைக்கும்.

தோட்டத்து மக்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. ஓடைக்கரைப் புதரையும் எல்லை மரங்களையும் வெட்டாமல் விடலாம். குப்பையை மூடி வைத்துக் காகத்தைக் குறைக்கலாம். கடையில் வாங்கிய அந்நிய ஊர்வனவையும் ஆமையையும் வெளியே விடாமல் இருக்கலாம். ஊருக்குப் புதிதான, பெரிய, பழக்கமில்லாத ஊர்வன ஒன்றைக் கண்டால் தாமே அடித்துக் கொல்லாமல், படம் எடுத்துக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர எண்ணுக்கு அறிவிக்கலாம். அது அந்நிய இனமா, இந்த மண்ணுக்கே உரியதா என்று அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும். இகுவானா பெருகிய தீவுகளில் துப்பாக்கிக்கு வேலை உண்டு. லிந்துலை ஓணான்களுக்கு வேண்டியது கல்லெறியாத கையும் வெட்டப்படாத புதரும்தான்.